ஹார்லெமின் அடித்தள அறை: ஒடுக்கப்பட்டோருக்கான அவசர மனநல உதவி வந்த வழி

கல்லூரி விடுதியில் சாதியைச் சொல்லி அவமானப்படுத்தப்பட்ட ஒரு மாணவர், இரவெல்லாம் தூங்காமல், காலையில் உங்கள் அறைக் கதவைத் தட்டுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம்மிடம் வழக்கமாக இரண்டு பதில்கள் இருக்கின்றன. ஒன்று, "கவுன்சிலிங் போய்ப் பார் தம்பி." இன்னொன்று, "இது உன் தனிப்பட்ட பிரச்சினை இல்லை தோழர், சமூகப் பிரச்சினை. வா, போராடுவோம்." முதல் பதில் அவருடைய துன்பத்தை அவர் மூளைக்குள் வைத்துப் பூட்டிவிடுகிறது. இரண்டாவது, துன்பத்துக்குக் காரணத்தைச் சரியாகச் சொல்கிறது. ஆனால் அன்றிரவு அவர் எப்படித் தூங்குவது என்பதற்கு அதனிடம் விடை இல்லை.

இந்த இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று யார் சொன்னது? எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே அப்படித் தேர்ந்தெடுக்க மறுத்தவர்கள் இருந்தார்கள். மருத்துவம், காதுகொடுத்துக் கேட்பது, வீட்டு வாடகை, நீதிமன்றச் சாட்சியம், அரசியல் என எல்லாவற்றையும் ஒரே அறைக்குள் கொண்டுவந்து, முன்பதிவு இல்லாமல் யார் வந்தாலும் உட்காரவைத்துப் பேசினார்கள். பெரும்பாலும் நியூயார்க் நகரத்தின் கறுப்பின, புவேர்ட்டோ ரிக்கோ மக்கள் வாழ்ந்த பகுதிகளில் நடந்த அந்த வரலாற்றை நாம் படிக்க வேண்டும். அதில் நமக்கு எடுத்துக்கொள்ளவும் இருக்கிறது, எச்சரிக்கையாக இருக்கவும் இருக்கிறது.

மனநல மருத்துவம் யார் பக்கம் நின்றது?

முதலில் ஒரு கசப்பான உண்மை. மனநல மருத்துவம் ஒடுக்கப்பட்டவர்களின் நண்பனாகப் பிறக்கவில்லை. 1851இல் அமெரிக்காவின் தென்மாநிலத்தைச் சேர்ந்த சாமுவேல் கார்ட்ரைட் என்ற மருத்துவர் 'டிராப்டோமேனியா' என்று ஒரு நோயைக் கண்டுபிடித்ததாக எழுதினார். அடிமைகள் எஜமானிடமிருந்து தப்பி ஓடுவதுதான் அந்த நோயின் அறிகுறி! அடிமைத்தனம் இயல்பு, விடுதலை வேட்கை மனக்கோளாறு. சாட்டையடியையும் அவர் மருந்தாகப் பரிந்துரைத்தார்.

இதைப் படித்துச் சிரித்துவிட்டுப் போக முடியாது. ஒடுக்குமுறையை எதிர்ப்பவனுக்கு ஏதோ குறை இருக்கிறது, அவன் 'அட்ஜஸ்ட்' செய்துகொள்ளக் கற்க வேண்டும் என்ற எண்ணம் கார்ட்ரைட்டோடு செத்துப்போய்விடவில்லை. "நீ ஏன் இவ்வளவு சென்சிடிவா இருக்கே?" என்று விடுதிக் காப்பாளர் கேட்கும்போது அதே எண்ணம்தான் நாகரிகமான மொழியில் வெளிவருகிறது.

ஆனால் அந்த மருத்துவத்துக்குள்ளேயே இன்னொரு ஓடையும் இருந்தது. முதல் உலகப்போர் முடியும் தறுவாயில், 1918இல் புடாபெஸ்ட் நகரில் நடந்த மாநாட்டில் சிக்மண்ட் பிராய்ட், ஏழைகளுக்கும் மனநல சிகிச்சை பெறும் உரிமை உண்டு, அதற்கு இலவச நிலையங்கள் வேண்டும் என்று பேசினார். 1920இல் பெர்லினிலும் 1922இல் வியன்னாவிலும் அப்படிப்பட்ட நிலையங்கள் திறக்கப்பட்டன. தொழிலாளர்களும் வீட்டு வேலை செய்யும் பெண்களும் அங்கே வந்தார்கள். நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் அந்த முயற்சிகள் நசுக்கப்பட்டன. அவற்றில் பணியாற்றிய யூத மருத்துவர்கள் பலர் நாட்டைவிட்டு வெளியேறினார்கள்.

ஒரு தீவிபத்து கற்றுக்கொடுத்தது

'அவசர' உதவி என்ற கருத்து வேறொரு இடத்திலிருந்து வந்தது. 1942 நவம்பர் 28 அன்று இரவு பாஸ்டன் நகரில் கோகோநட் குரோவ் என்ற கேளிக்கை விடுதியில் தீப்பிடித்தது. அளவுக்கு மீறிய கூட்டம், பூட்டிக் கிடந்த கதவுகள், வாசலில் நெரிசலில் சிக்கிக்கொண்ட சுழல் கதவு. 492 பேர் இறந்தார்கள். பிழைத்தவர்களையும் இறந்தவர்களின் உறவினர்களையும் சந்தித்துப் பேசிய எரிக் லிண்டமன் என்ற மருத்துவர், 1944இல் வெளியிட்ட கட்டுரையில் துக்கத்தின் இயல்பை விவரித்தார். மூச்சடைப்பு, குற்றவுணர்வு, பிறர்மீது கோபம், அன்றாட வேலைகளைச் செய்ய முடியாமை ஆகிய இவையெல்லாம் பைத்தியம் அல்ல, பேரிழப்புக்கு மனிதர் காட்டும் இயல்பான எதிர்வினை என்றார். சரியான நேரத்தில் கிடைக்கும் சில நாள் உதவி பின்னால் வரும் பெரிய பாதிப்பைத் தடுக்கும் என்றும், அந்த உதவியை மனநல மருத்துவர் மட்டுமல்ல, சமூகப் பணியாளரும் மதகுருவும்கூடச் செய்யலாம் என்றும் அவர் வாதிட்டார்.

பின்னர் ஜெரால்ட் கேப்லன் இதை வளர்த்தெடுத்தார். நெருக்கடி என்பது சில வாரங்கள் நீடிக்கும் நிலை. அந்தச் சில வாரங்களில் ஒருவர் எந்தப் பக்கமும் சாயக்கூடும். அப்போது கொடுக்கப்படும் சிறு உதவி, ஆறு மாதம் கழித்துக் கொடுக்கப்படும் பெரிய உதவியைவிட அதிகம் பயன்தரும். காத்திருப்போர் பட்டியல் இல்லாமல், நேரே வந்து உட்காரக்கூடிய நிலையங்கள் வேண்டும் என்ற கோரிக்கைக்கு இதுவே அறிவியல் அடித்தளமானது.

ஆனால் இந்தக் கோட்பாட்டில் ஒரு ஓட்டை உண்டு. தீவிபத்து ஓர் இரவில் முடிந்துவிடும். தினமும் எரியும் தீயை என்ன செய்வது? நிறவெறியும் சாதியும் ஒருநாள் நெருக்கடிகள் அல்ல. இந்தக் கேள்வியை நேருக்கு நேர் சந்தித்தது ஹார்லெம்.

வாரத்துக்கு இரண்டு மாலைகள், 25 சென்ட்

1946 மார்ச் 8. நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் 133ஆவது தெருவில் இருந்த புனித பிலிப் தேவாலயத்தின் அடித்தளத்தில் லஃபார்க் மனநல நிலையம் திறக்கப்பட்டது. செவ்வாயும் வெள்ளியும் மாலை 6 முதல் 8 மணி வரை. வேலைக்குப் போய்த் திரும்பும் மக்கள் வர வேண்டுமென்றால் மாலையில்தானே திறக்க முடியும்? கட்டணம் 25 சென்ட். முடியாதவர்கள் அதையும் தர வேண்டியதில்லை. நீதிமன்றத்தில் மருத்துவர் சாட்சி சொல்ல வேண்டுமென்றால் 50 சென்ட். பணியாளர்கள் கறுப்பரும் வெள்ளையருமாகக் கலந்திருந்தார்கள். ஒருவருக்கும் சம்பளம் கிடையாது.

இதைத் தொடங்கியவர்கள் யார் என்பதைப் பார்த்தாலே இதன் தன்மை புரியும். மிசிசிப்பியில் பிறந்து, கறுப்பின வாழ்வின் ஆத்திரத்தை நாவலாக்கிய ரிச்சர்ட் ரைட். ஜெர்மனியில் பிறந்த மனநல மருத்துவர் பிரெடரிக் வெர்தாம். நாஜிகளிடமிருந்து தப்பிவந்த யூதப் பெண் மருத்துவர் ஹில்டே மோஸே. இடம் கொடுத்தவர் அந்தத் தேவாலயத்தின் கறுப்பினப் பாதிரியார் ஷெல்டன் ஹேல் பிஷப். நிலையத்துக்கு வைத்த பெயர் பால் லஃபார்க்குடையது. கியூபாவில் பிறந்த, கலப்பின வம்சாவளி மருத்துவர், சோசலிஸ்ட், கார்ல் மார்க்ஸின் மருமகன். எழுத்தாளர், மருத்துவர், பாதிரியார், மார்க்சியத்தின் நினைவு என எல்லாம் ஒரே அடித்தள அறையில் கூடின.

அங்கே என்ன நடந்தது? வருபவரிடம் முதலில் சமூகப் பணியாளர் உட்கார்ந்து விவரம் கேட்பார். வீடு, வேலை, குடும்பம், போலீஸ் தொல்லை, பிள்ளைகளின் பள்ளி எல்லாம் அந்தப் பேச்சில் வரும். பிறகு மருத்துவரைப் பார்ப்பார். மருத்துவர் உளப்பகுப்பாய்விலிருந்து கற்றதைப் பயன்படுத்துவார், வழக்கமான மருத்துவப் பரிசோதனையையும் விடமாட்டார். ஆனால் பல ஆண்டுகள் படுக்கையில் படுத்துக் கனவு சொல்லும் சிகிச்சைக்கு அங்கே இடமில்லை. குறுகிய காலத்தில், இருக்கிற பிரச்சினையைத் தொட்டுப் பேச வேண்டும். அதோடு, பள்ளிக்கு ஒரு கடிதம், நலத்துறைக்கு ஒரு பரிந்துரை, நீதிமன்றத்துக்கு ஒரு சாட்சியம். இதையெல்லாம் சேர்த்து வெர்தாம் 'சமூக மனநல மருத்துவம்' என்றார்.

அவர்களுடைய நோக்கம் நமக்கு முக்கியம். கறுப்பின மனிதரை நிறவெறிச் சமூகத்தோடு ஒத்துப்போகப் பழக்குவது அல்ல அங்கே சிகிச்சை. பகைமை நிறைந்த உலகத்தில் உடையாமல் நிற்கவும், அதை எதிர்க்கவும் தேவையான மனவலுவை மீட்டுத் தருவதே சிகிச்சை. காரணம் வெளியே இருக்கிறது என்று தெரிந்துகொண்டே, காயம் உள்ளே இருக்கிறது என்பதையும் மறுக்காமல் வேலை செய்தார்கள். தனிமனிதரா, சமூகமா என்ற பட்டிமன்றத்தை அந்த அறையின் வாசலுக்கு வெளியே விட்டுவிட்டார்கள்.

நாவலாசிரியர் ரால்ப் எல்லிசன் 1948இல் இந்த நிலையத்தைப் பற்றி 'ஹார்லெம் இஸ் நோவேர்' என்ற கட்டுரையை எழுதினார். 1964இல்தான் அது நூலில் வெளிவந்தது. தெற்கின் கிராமங்களிலிருந்து வேரோடு பெயர்ந்து வடக்கின் நகரத்துக்கு வந்த மக்களுக்குப் பழைய ஆதரவுகள் போய்விட்டன, புதிய சமூகமோ உள்ளே விடவில்லை. இந்த நடுவெளியின் துன்பத்தைத்தான் அந்தக் கட்டுரை பேசுகிறது. சேரியிலிருந்து கிளம்பி, முதல் தலைமுறைப் பட்டதாரியாக மத்திய பல்கலைக்கழகத்துக்குள் நுழைகிற நம் தம்பி தங்கைகளுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

அதே 1946இல் இன்னொரு கடிதப் போக்குவரத்தும் நடந்தது. பாபாசாகேப் அம்பேத்கர் அமெரிக்காவின் கறுப்பின அறிஞர் டபிள்யூ. ஈ. பி. டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். கறுப்பின மக்கள் ஐக்கிய நாடுகள் அவைக்குக் கொண்டுபோன மனுவின் படிகளைக் கேட்டார். தீண்டப்படாதோரின் நிலைக்கும் கறுப்பின மக்களின் நிலைக்கும் உள்ள ஒற்றுமையைச் சுட்டிக்காட்டினார். டுபாய்ஸ் பதில் எழுதினார். உரிமைக்கான மனுவை நாம் அங்கிருந்து கேட்டு வாங்கினோம். மனநலத்துக்கு அவர்கள் கட்டிய அறையைப் பற்றி நாம் கேட்கவே இல்லை.

குழந்தைகள் சாட்சியானபோது

லஃபார்க் நிலையம் நெருக்கடி உதவியோடு நிற்கவில்லை. டெலவேர் மாநிலத்தில் கறுப்பினக் குழந்தைகளுக்குத் தனிப் பள்ளி வைத்ததை எதிர்த்து வழக்குத் தொடர்ந்த வழக்கறிஞர்கள், பிரிவினை குழந்தைகளின் மனதை எப்படிப் பாதிக்கிறது என்று சொல்ல மனநல மருத்துவர்களைத் தேடினார்கள். 1951இல் டெலவேரிலிருந்து கறுப்பின, வெள்ளையினக் குழந்தைகள் ஹார்லெமுக்கு வந்தார்கள். நிலையத்தின் பணியாளர்கள் அவர்களோடு பேசினார்கள். அந்த ஆண்டு வெர்தாம் நீதிமன்றத்தில் சாட்சியளித்தார். 1952இல் நீதிபதி காலின்ஸ் சைட்ஸ், கறுப்பினக் குழந்தைகளை வெள்ளையர் பள்ளிகளில் சேர்க்க உத்தரவிட்டார். பின்னர் 'பிரவுன்' வழக்கு என்ற பெயரில் உச்ச நீதிமன்றம் போன ஐந்து வழக்குகளில், கீழ் நீதிமன்றத்திலேயே கறுப்பினக் குழந்தைகள் வென்றது இந்த ஒன்றில்தான். 1954 மே 17 அன்று உச்ச நீதிமன்றம் பள்ளிப் பிரிவினை சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது.

சிகிச்சை அறையில் கேட்ட வலி நீதிமன்றத்தில் சான்றாக மாறியது. இது பெரிய வெற்றி. ஆனால் இதிலேயே ஓர் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. அதே வெர்தாம் 1954இல் காமிக்ஸ் புத்தகங்கள் குழந்தைகளைக் கெடுக்கின்றன என்று ஒரு நூல் எழுதி நாடு முழுவதும் பரபரப்பை உண்டாக்கினார். அந்த நூலுக்கான குழந்தைகளின் வாக்குமூலங்களில் பல லஃபார்க் நிலையத்துக்கு வந்த குழந்தைகளுடையவை. 2012இல் அவருடைய ஆவணங்களை ஆராய்ந்த கரோல் டில்லி, தன் வாதத்துக்கு ஏற்றபடி அந்த வாக்குமூலங்களை வெர்தாம் திரித்தும் மிகைப்படுத்தியும் இருந்ததை வெளிக்கொண்டுவந்தார். நல்ல நோக்கத்துக்காகத் திறந்த அறையிலும், வருபவரின் துன்பம் இன்னொருவருடைய வாதத்துக்குத் தீனியாகிவிட முடியும்.

இந்த இடத்தில் நாம் நம்மைப் பார்த்துக் கேட்க வேண்டும். வன்கொடுமை நடந்த ஊருக்கு உண்மை அறியும் குழு போகிறது. அடிபட்டவர், எரிந்த வீட்டுக்காரர், மகளை இழந்த தாய் எல்லோரும் நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். போலீசுக்கு ஒருமுறை, தாசில்தாருக்கு ஒருமுறை, ஊடகத்துக்கு ஒருமுறை, நமக்கு ஒருமுறை. அறிக்கை அவசியம், அதில்லாமல் வழக்கு நிற்காது. ஆனால் நாம் ஜீப்பில் ஏறிய பிறகு அந்தத் தாயோடு யார் உட்கார்ந்திருந்தார்கள்? வாக்குமூலம் வாங்குவதும் காதுகொடுத்துக் கேட்பதும் ஒன்றல்ல. முன்னது நமக்குத் தேவையானதைக் கேட்கிறது. பின்னது அவர் சொல்ல நினைப்பதைக் கேட்கிறது.

லஃபார்க் நிலையத்துக்குப் பெரிய அறக்கட்டளைகளின் நிதி கிடைக்கவில்லை. நன்கொடையிலும் தன்னார்வலர் உழைப்பிலும் பன்னிரண்டு ஆண்டுகள் ஓடி, பாதிரியார் ஷெல்டன் ஓய்வு பெற்ற பிறகு 1958இல் மூடப்பட்டது.

வாசிப்பு வகுப்பும் ஒரு சிகிச்சைதான்

அதே 1946இல், அதே ஹார்லெமில், கறுப்பின உளவியலாளர்களான மேமி கிளார்க்கும் கென்னத் கிளார்க்கும் நார்த்சைடு என்ற குழந்தைகள் நிலையத்தைத் தொடங்கினார்கள். கறுப்பு, வெள்ளைப் பொம்மைகளைக் காட்டிக் குழந்தைகளிடம் நடத்திய சோதனைக்காக நாம் அறிந்த அதே கிளார்க் தம்பதியர்.

அவர்களிடம் வந்த பெற்றோர் பலர், பிள்ளை மனவளர்ச்சி குன்றியவன் என்று பள்ளி சொல்லித் தனி வகுப்பில் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். சோதித்துப் பார்த்தால் பெரும்பாலான குழந்தைகளுக்கு அப்படி ஒரு குறையுமில்லை. படிக்கச் சொல்லிக் கொடுக்கப்படவில்லை, அவ்வளவுதான். எனவே உளவியல் சிகிச்சையோடு வாசிப்பு, கணக்கு வகுப்புகளையும் சேர்த்தார்கள். பள்ளியோடு சண்டை போட்டுக் குழந்தைகளைச் சாதாரண வகுப்புக்குத் திரும்ப அனுப்ப வைத்தார்கள். உளப்பகுப்பாய்வே போதும் என்று கருதிய ஆதரவாளர்களோடு மேமி கிளார்க்குக்குக் கருத்து மோதல் வந்தது. குழந்தையின் கோபத்துக்கு அம்மாவின் வளர்ப்பில் மட்டும் காரணம் தேடும் முறை, பள்ளியையும் வாடகை வீட்டையும் நிறவெறியையும் தப்பவிட்டுவிடுகிறது என்பது அவர் நிலைப்பாடு. வாசிக்கத் தெரிந்ததும் பல குழந்தைகளின் 'நடத்தைக் கோளாறு' குறைந்தது. எது சிகிச்சை, எது சிகிச்சை இல்லை என்று யார் முடிவு செய்வது?

பிராங்ஸ்: மேசைக்கு இந்தப் பக்கம் யார்?

1963இல் அமெரிக்காவில் சமுதாய மனநல நிலையங்களுக்கான சட்டம் வந்தது. அரசு நிதி பெறும் நிலையங்கள் கட்டாயம் தர வேண்டிய ஐந்து சேவைகளில் அவசர உதவியும் ஒன்று. ஆனால் யார் அந்த உதவியைச் செய்வது?

நியூயார்க்கின் தெற்கு பிராங்ஸில், புவேர்ட்டோ ரிக்கோ மக்களும் கறுப்பின மக்களும் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதியில், லிங்கன் மருத்துவமனை 1965இல் ஒரு சோதனையைத் தொடங்கியது. தெருவோரக் கடை அறைகளை வாடகைக்கு எடுத்து, அந்தத் தெருவாசிகளையே பயிற்சி கொடுத்துப் பணியில் அமர்த்தியது. பட்டம் தேவையில்லை. மனநல வல்லுநர்கள் ஒரிருவர் பின்னால் நின்று வழிநடத்துவார்கள். யார் வேண்டுமானாலும் எதற்காகவும் உள்ளே வரலாம். வீட்டுக்காரர் வெந்நீர்க் குழாயைச் சரிசெய்யவில்லை என்று வருவார்கள். பேசிக்கொண்டிருக்கையில் கணவன் அடிப்பதும், மகன் போதையில் விழுந்ததும், சாகலாமா என்று தோன்றுவதும் வெளிவரும். 'மனநல நிலையம்' என்று பலகை வைத்திருந்தால் வந்திருக்கமாட்டார்கள்.

வெந்நீர்க் குழாய்க்காகச் சண்டை போடுவதும் அங்கே மனநலப் பணியாகவே எண்ணப்பட்டது. நலத்துறை அலுவலகத்துக்குக் கூடவே போவது, படிவம் நிரப்புவது, அக்கம்பக்கத்தில் அதே தொல்லை உள்ளவர்களைக் கூட்டுவது, தேவைப்பட்டால் மருத்துவரிடம் அழைத்துப்போவது எல்லாம் அதில் சேரும். ஏட்டில் வெவ்வேறு துறைகளாகக் கிடந்தவை ஒரே தெருப்பெண்ணின் கையில் ஒன்றாகின.

ஆனால் அந்தப் பெண்ணுக்குக் குறைந்த சம்பளம், பதவி உயர்வுக்கு வழியில்லை, முடிவெடுக்கும் இடத்தில் குரலில்லை. 1969 மார்ச்சில் லிங்கனின் மனநலப் பிரிவுத் தொழிலாளர்கள் நிர்வாகிகளை வெளியேற்றி, பிரிவைத் தாங்களே எடுத்து நடத்தினார்கள். சமுதாயத்தின் கட்டுப்பாடு வேண்டும் என்றார்கள். அடுத்த ஆண்டு ஜூலையில் யங் லார்ட்ஸ் என்ற புவேர்ட்டோ ரிக்கோ இளைஞர் அமைப்பு லிங்கன் மருத்துவமனைக் கட்டடத்தையே ஆக்கிரமித்துப் போராடியது. நவம்பரில் அவர்களும் பிளாக் பாந்தர்களும் மருத்துவமனை ஊழியர்களும் சேர்ந்து போதை மீட்பு மையத்தைத் தொடங்க வைத்தார்கள். மருந்து, பின்னர் அக்குபஞ்சர், அதோடு அரசியல் வகுப்பு என்று அங்கேயும் பல முறைகள் கலந்தன. 1978இல் போலீசைக் கொண்டு அந்த மையத்தை மூடினார்கள். அங்கே வளர்ந்த காது அக்குபஞ்சர் முறை மட்டும் உலகம் முழுவதும் பரவியது. அரசியல் வகுப்பை யாரும் கூடவே எடுத்துச் செல்லவில்லை. மருத்துவ உலகம் நம்மிடமிருந்து எதை எடுத்துக்கொள்ளும், எதை விட்டுவிடும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமா?

இன்றைய கலவை, நம் கேள்வி

1990இல் கனடாவின் கால்கரி நகரில் ஈஸ்ட்சைடு குடும்ப நிலையம் முன்பதிவில்லாச் சிகிச்சையைத் தொடங்கியது. பலர் ஒரே ஒருமுறைதான் வருவார்கள், அந்த ஒரு மணி நேரமே முழுமையான உதவியாக இருக்க வேண்டும் என்ற எண்ணத்தில் பல முறைகளை அங்கே இணைத்தார்கள். இன்று பல நாடுகளில் இப்படி நடக்கிறது. குடும்பச் சிகிச்சையிலிருந்து கொஞ்சம், தீர்வை மையப்படுத்தும் முறையிலிருந்து கொஞ்சம், கதையாடல் சிகிச்சையிலிருந்து கொஞ்சம், சி.பி.டி. என்று சொல்லப்படும் எண்ணங்களைத் திருத்தும் முறையிலிருந்து கொஞ்சம்.

கலப்பது நல்லது. ஆனால் எதை யாரிடம் எப்போது பயன்படுத்துவது? சி.பி.டி.யில் ஒரு அடிப்படைப் பயிற்சி உண்டு. "எல்லோரும் என்னை இழிவாகப் பார்க்கிறார்கள்" என்று ஒருவர் சொன்னால், அது மிகைப்படுத்திய எண்ணமா என்று சோதிக்கச் சொல்வார்கள். தேர்வு பயத்தில் இருப்பவருக்கு இது உதவும். ஆனால் ஆய்வக மேசையில் தன்னோடு உட்கார மறுக்கிறார்கள் என்று சொல்லும் தலித் மாணவரிடம் அதையே செய்தால், நடந்த வன்கொடுமையை அவருடைய 'சிந்தனைப் பிழை' ஆக்கிவிடுகிறோம். 2007இல் வெளிவந்த தோரட் குழு அறிக்கை டெல்லி எய்ம்ஸ் மருத்துவக் கல்லூரியில் பட்டியலின மாணவர்கள் ஒதுக்கப்படுவதை ஆவணப்படுத்தியது. அங்கே பிழை யாருடைய சிந்தனையில் இருந்தது? தீர்வை மையப்படுத்தும் முறை ஒருவரின் வலிமைகளைத் தேடுகிறது. நல்லதுதான். அதையும் கவனமில்லாமல் செய்தால் "நீ மாறினால் போதும்" என்று முடிந்துவிடும். கதையாடல் முறை பிரச்சினையையும் ஆளையும் பிரித்துப் பார்க்கச் சொல்கிறது. தன் பிறப்பே குறை என்று நம்பவைக்கப்பட்டவருக்கு அது ஒரு திறப்பு. ஆனால் இப்போதே உயிருக்கு ஆபத்து என்ற நிலையில் கதை பேச நேரமில்லை.

இதில் ஒரு வரிசை உண்டு. களத்தில் வேலை செய்கிற எனக்கு அந்த வரிசைதான் எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது.

முதலில் உயிர். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆம் என்றால் தனியே விடாதீர்கள், ஆபத்தான பொருட்களை எட்டாத இடத்தில் வையுங்கள், மருத்துவ உதவிக்கு அழைத்துப்போங்கள். அரசின் டெலிமானஸ் எண் 14416, தமிழ்நாட்டின் 104, சென்னையில் 1986 முதல் இயங்கும் சினேகா போன்றவை இருக்கின்றன. அடுத்து கேட்பது. இங்கே அரசியல் விளக்கம் வேண்டாம், அறிவுரையும் வேண்டாம். மூன்றாவதாக, அவர் தயாரான பிறகு, நடந்ததற்குப் பெயர் வைப்பது: இது உன் குறை இல்லை, இது சாதி. நான்காவதாக, நாளைக்கே செய்யக்கூடிய ஒரு நடைமுறை வேலை. விடுதி அறை மாற்றமா, நின்றுபோன உதவித்தொகையா, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் புகாரா? அதில் கூடவே போவது. கடைசியாக, அவர் விரும்பினால் மட்டும், இயக்கம். நாம் பெரும்பாலும் கடைசிப் படியிலிருந்து தொடங்குகிறோம். மருத்துவமனைகள் இரண்டாவது படியோடு நிறுத்திக்கொள்கின்றன.

2016 ஜனவரியில் ரோகித் வெமுலாவை இழந்தோம். அதன் பிறகு எத்தனை பெயர்கள்! ஒவ்வொரு பெயரையும் முழக்கமாக்கினோம், அது தேவையாகவும் இருந்தது. உயிரோடு இருப்பவர் தட்டுவதற்கு ஒரு கதவையும் நாம் கட்டியாக வேண்டும். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநல சேவையில் பாகுபாடு கூடாது என்று சொல்லும் இடத்தில் சாதியையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு கேட்போம்: அரசு மருத்துவமனையிலும் பல்கலைக்கழகத்திலும் மாலை நேரத்தில் திறந்திருக்கும், முன்பதிவு கேட்காத உதவி மையம் எங்கே? சாதி என்றால் என்ன என்று பயிற்சி பெற்ற ஆலோசகர் எங்கே? அந்த மேசைக்குப் பின்னால் நம் சேரிப் பெண்கள், உரிய சம்பளத்தோடும் பதவி உயர்வோடும், எப்போது உட்காரப் போகிறார்கள்?

அரசு தரும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. ஹார்லெம்காரர்களிடம் இருந்தது ஓர் அடித்தள அறை, வாரத்துக்கு நான்கு மணி நேரம், சில நாற்காலிகள். அம்பேத்கர் பெயரில் ஊருக்கு ஊர் படிப்பகங்கள் வைத்திருக்கிறோம். வாரத்தில் ஒரு மாலை, பயிற்சி பெற்ற இரண்டு பேர், தொலைபேசியில் கிடைக்கக்கூடிய ஒரு மருத்துவர், ஒரு வழக்கறிஞர் இருந்தால் தொடங்கிவிடலாம். அங்கே பேசப்படுவது அங்கேயே இருக்கும் என்ற உறுதியும் வேண்டும். சொன்னவரின் அனுமதியில்லாமல் அது துண்டறிக்கை ஆகக்கூடாது, முகநூல் பதிவும் ஆகக்கூடாது.

இதைப் படிக்கும் மாணவத் தோழர்கள் உங்கள் ஊர்ப் படிப்பகத்தில் இந்த வாரமே இதைப் பற்றிப் பேசுங்கள். எந்த மாலை, யார் இருவர் என்று முடிவு செய்யுங்கள்.

ஜெய் பீம்!